24 வோல்ட் லாஞ்ச்: ரெண்டு பேட்டரில ஒண்ணு காயுது, ஒண்ணு படுக்குது. ஏன்?

காசி_லாஞ்ச்

வணக்கம். காசிமேட்டுல நிக்கிற இரும்பு லாஞ்ச். 6 சிலிண்டர் எஞ்சின், 24 வோல்ட் செல்ஃப் (எஞ்சினை ஸ்டார்ட் பண்ற மோட்டார்). 12 வோல்ட் 150 ஆம்பியர்-ஹவர் பேட்டரி ரெண்டு சீரியல்ல போட்டிருக்கு, தண்ணி ஊத்துற டைப். எஞ்சின் ரூம்லயே பலகைப் பெட்டி, மேல மூடி.

ரெண்டும் ஒரே நாள் வாங்கினது, ஒரே கம்பெனி, ஒரே பேட்ச். ஆனா ஒரு பேட்டரில மட்டும் வாரா வாரம் தண்ணி இறங்குது. இன்னொண்ணுல சொட்டு கூட குறையல. குறையாத அந்தப் பேட்டரிதான் முதல்ல படுக்குது. விடியக்காலைல செல்ஃப் அடிச்சா டக்குன்னு ஒரு சத்தம், அதோட சரி. முன்னாடி இருந்த செட்டும் இதே மாதிரிதான் போச்சு. டைனமோவைக் கழட்டிப் பட்டறைல காட்டியாச்சு. 28.3 வருது, நல்லாதான் இருக்குன்னு சொல்லிட்டாங்க.

விஎச்எஃப் (பேசுற ரேடியோ), எக்கோ சவுண்டர் (ஆழம் பார்க்கிறது), ஜிபிஎஸ், டிரான்ஸ்பாண்டர் (லாஞ்சு இருக்கிற இடத்தைக் கரைக்குச் சொல்ற பெட்டி), ரெண்டு எல்ஈடி லைட்டு, செல்போன் சார்ஜர் எல்லாம் 12 வோல்ட். பில்ஜ் பம்ப் (லாஞ்சு அடியில தேங்குற தண்ணியை வெளியேத்துறது) 24. பேட்டரி மூடியைத் திறந்தா அழுகின முட்டை நாத்தம். லக்குல (கம்பி முனையில இருக்கிற வளையம்) பச்சையா பூத்துக் கிடக்கு.

பேட்டரி கோளாறா, டைனமோவா, வயரிங்கா? மீன்பிடித் தடைக்காலத்துல மொத்தமா சரி பண்ணிடலாம்னு இருக்கேன். எதை மாத்தணும், என்ன சைஸ் கம்பி, ஃப்யூஸ் எங்க வரணும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

டைனமோ_பட்டறை

28.3ங்கிறது ரெண்டு பேட்டரிக்கும் சேர்த்து. தனித்தனியா வெச்சுப் பாத்தீங்களா? அந்த 12 வோல்ட் சாமானுக்கெல்லாம் கரண்ட் எங்கேயிருந்து எடுத்திருக்கு? இந்த ரெண்டுக்கும் பதில் வந்தா பாதி வேலை முடிஞ்சுது.

மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்ல வெச்சுக்கோங்க. எஞ்சினை நிறுத்தி, எல்லா லோடையும் அணைச்சு, ஆறு மணி நேரம் விட்டுட்டு ஒவ்வொரு பேட்டரியா அளங்க. முள்ளை ஈயக் கம்பத்து மேலயே வைங்க. லக்கு மேல வெச்சா துருவையும் சேர்த்து அளப்பீங்க. அப்புறம் செல்ஃப் அடிக்கும்போது ஒரு தடவை, எஞ்சின் ஓடி ஒரு மணி நேரம் கழிச்சு ஒரு தடவை. ஹைட்ரோமீட்டர் (ஆசிட் அடர்த்தி பார்க்கிற குழாய்) இருந்தா செல் செல்லா எடுத்து எழுதுங்க. மைனஸ் பாடிக்குப் போற பேட்டரியைக் கீழ் பேட்டரின்னும், பிளஸ் செல்ஃபுக்குப் போறதை மேல் பேட்டரின்னும் வெச்சுக்குவோம், இல்லாட்டி பேச்சு குழம்பும்.

கை வைக்கிறதுக்கு முன்னாடி காப்பு, மோதிரம், கழுத்துச் சங்கிலி, வெள்ளி அரைஞாண் எல்லாத்தையும் கழட்டிடுங்க. குனியும்போது அரைஞாண்தான் முதல்ல பட்டுத் தொலைக்கும். ஸ்பேனர் கைப்பிடியில டேப் சுத்திக்கோங்க.

---

காசி_லாஞ்ச்

அளந்தாச்சு அண்ணே.

சும்மா நிக்கும்போது: மேல் 12.72, கீழ் 12.04.
செல்ஃப் அடிக்கும்போது: மேல் 11.1, கீழ் 7.4.
எஞ்சின் ஓடும்போது: மேல் 15.1, கீழ் 13.2.
ஹைட்ரோமீட்டர்: மேல் 1.280, கீழ் 1.165. ஆறு செல்லும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான்.

12 வோல்ட் லைன் கீழ் பேட்டரி பிளஸ்லயிருந்து நேரா எடுத்திருக்கு. ரெண்டு பேட்டரியும் சேர்ற அந்த நடுக் கம்பிலதான் லக்கு அடிச்சிருக்காங்க. இதுக்குத் தனியா ஃப்யூஸ் எதுவும் இல்ல.

---

டைனமோ_பட்டறை

அப்ப பேட்டரி மேலயும் தப்பில்ல, டைனமோ மேலயும் தப்பில்ல. அந்த நடு லக்குதான் ரெண்டு பேட்டரியையும் சாகடிக்குது.

டைனமோ அனுப்புற கரண்ட் மேல் பேட்டரி வழியா இறங்கி, கீழ் பேட்டரி வழியா பாடிக்குப் போகுது. நடுவுல உங்க விஎச்எஃப், எக்கோ எல்லாம் சேர்ந்து நாலு ஆம்பியர் உறிஞ்சுதுன்னு வைங்க. டைனமோ 10 அனுப்பினா மேல் பேட்டரிக்கு 10 போகும், கீழுக்கு 6தான். எஞ்சின் நின்ன பிறகும் அந்த நாலு ஆம்பியரைக் கீழ் பேட்டரி மட்டும்தான் சுமக்குது. ராத்திரி பத்து மணி நேரத்துக்கு 40 ஆம்பியர்-ஹவர் இறங்கிடும். காலைல டைனமோ வோல்ட்டைக் கட்டுப்படுத்துற ரெகுலேட்டர் பார்க்கிறது மொத்தத்தை மட்டும்தான். 28.3 வந்துட்டா அதுக்குத் திருப்தி. அதை 15.1, 13.2ன்னு பங்கு பிரிச்சது அதுக்குத் தெரியாது.

பேட்டரிக்கு 14.2 - 14.4 தாண்டினாலே உள்ள தண்ணி பிரிஞ்சு வாயுவாக ஆரம்பிச்சுடும். 15.1ல கொதிக்கிற மாதிரி குமிழ் வரும். மேல் பேட்டரி நிறைஞ்ச பிறகும் நாலு ஆம்பியர் அது வழியா ஓடிட்டே இருந்தா, பத்து மணி நேர ஓட்டத்துக்கு ஒரு செல்லுல சுமார் 13 மில்லி தண்ணி போகும். ஆறு செல்லுக்கு 80 மில்லி. வாரா வாரம் நீங்க ஊத்துற கணக்கு இதுதான். அதே நேரத்துல பெட்டிக்குள்ள வர்ற ஹைட்ரஜன் 100 லிட்டர் பக்கம். அழுகின முட்டை நாத்தமும் ஓவர் சார்ஜோட அடையாளம்தான்.

1.280 காட்டுதேன்னு மேல் பேட்டரியை நம்பிடாதீங்க. நம்ம ஊர் பேட்டரி நிறைஞ்சு நின்னா 1.240லேருந்து 1.260க்குள்ள இருக்கும், ஸ்டிக்கர்லயே போட்டிருப்பாங்க. தண்ணி குறைஞ்சு ஆசிட் கெட்டியானதாலதான் 1.280. கீழ் பேட்டரி 1.165, அதாவது கால்வாசிக்குக் கொஞ்சம் மேல. இந்த நிலைமையிலேயே மாசக்கணக்கா கிடந்ததால பிளேட்டுல சல்ஃபேட் இறுகியிருக்கும். தண்ணி குறையலைங்கிறது நல்ல செய்தி கிடையாது. அது ஒரு நாளும் முழு சார்ஜைப் பார்க்கலைன்னு அர்த்தம்.

முதல் வேலையா அந்த நடு லக்கைக் கழட்டிடுங்க. புது பேட்டரி வாங்கி அதே வயரிங்ல மாட்டினா இன்னொரு செட்டு காசும் தண்டம்.

---

எண்ணூர்_மின்

பட்டறைக்காரர் சொன்னது அத்தனையும் சரி. இந்த நடு டேப்பிங்கை லாரிலயும் பண்றாங்க, பஸ்லயும் பண்றாங்க. அங்க பாட்டுப் பெட்டி மட்டும்னா ஒரு ஆம்பியர், தாங்கிடும். லாஞ்சுல ராத்திரி முழுக்க ஓடுறதால தாங்காது.

24லேருந்து 12 ஆக்குற டிசி கன்வெர்ட்டர் ஒண்ணு போட்டா போதும். விஎச்எஃப் 25 வாட்ல பேசும்போது மட்டும் 5 - 6 ஆம்பியர் இழுக்கும், மத்தது எல்லாம் சேர்த்து 4. ஆக 10. 20 ஆம்பியர் கன்வெர்ட்டரா எடுங்க, எஞ்சின் ரூம் சூட்டுல முழு லோடு கொடுத்தா எதுவும் நிலைக்காது. வீல்ஹவுஸ்லயே மாட்டுங்க. இன்புட் கம்பி 4 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்), 20 ஆம்பியர் ஃப்யூஸ், மேல் பேட்டரி பிளஸ்லயிருந்தும் கீழ் பேட்டரி மைனஸ்லயிருந்தும் எடுக்கணும். அவுட்புட் 13.8 வருதான்னு லோடு போட்டு அளந்துட்டு அப்புறமா செட்டுகளை மாட்டுங்க. இப்படிப் போட்டா ராத்திரி பத்து மணி நேரத்துக்கு 25 ஆம்பியர்-ஹவர் போல இறங்கும், அதுவும் ரெண்டு பேட்டரிலயும் சமமா. 150ல 25 போனா காலைல செல்ஃப் தாராளமா அடிக்கும்.

மலிவான கன்வெர்ட்டர் விஎச்எஃப்ல இரைச்சல் போடும். ஆன்டெனா கேபிளுக்கும் அதுக்கும் ஒரு மீட்டராவது இடைவெளி விடுங்க. வாங்கும்போதே கடையில செட்டோட ஓட்டிப் பாக்க முடிஞ்சா நல்லது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைங்கள்ல பெட்டி மேல 20 ஆம்பியர்னு எழுதி உள்ள பத்துக்கே சூடாகுற சரக்கும் இருக்கு. எடையைக் கையில தூக்கிப் பாத்தாலே ஓரளவு தெரிஞ்சுடும்.

ரெண்டு பேட்டரியையும் சமமா வெச்சிருக்க பேட்டரி ஈக்வலைசர்னு ஒண்ணு விக்கிறாங்க, அதைப் போட்டா நடு டேப்பிங்கை அப்படியே விட்டுடலாம்னு சொல்வாங்க. விடலாம்தான். ஆனா ஈக்வலைசர் ஒரு நாள் செத்தா யாருக்கும் தெரியாது, பழைய கதை சத்தமில்லாம ஆரம்பிச்சுடும். கன்வெர்ட்டர் செத்தா செட்டு அணையும், உடனே தெரியும்.

---

வார்ஃப்_வயர்மேன்

கன்வெர்ட்டர் மட்டும்ங்கிறதுல எனக்கு உடன்பாடு இல்ல. கன்வெர்ட்டர் போனா விஎச்எஃப்பும் போச்சு. ஸ்டார்ட்டிங் பேட்டரி இறங்கினாலும் விஎச்எஃப் போச்சு. கரையிலேருந்து எட்டி நிக்கும்போது எஞ்சின் ஸ்டார்ட் ஆகலைன்னா ஆபத்துக்கு உதவி கேட்கிற 16ஆம் சேனல்ல கூப்பிடறதுக்காவது ஒரு பேட்டரி மிஞ்சணும்.

அதனால வீல்ஹவுஸ்ல தனியா ஒரு 12 வோல்ட் 100 ஆம்பியர்-ஹவர் பேட்டரி வைங்க. 24லேருந்து 12க்கு சார்ஜ் பண்ற சார்ஜர் கிடைக்குது. அது வெறும் கன்வெர்ட்டர் மாதிரி கிடையாது: 14.2 வரை ஏத்திட்டு, நிறைஞ்சதும் 13.6க்கு இறங்கிடும். எஞ்சின் ஓடும்போது மட்டும் வேலை செய்யுற மாதிரி இக்னிஷன் கம்பி கொடுங்க. செட்டு எல்லாம் இந்தப் பேட்டரில, செல்ஃபும் பில்ஜ் பம்பும் பெரிய பேட்டரில. ராத்திரி 40 இறங்கினா 100ல மிச்சம் 60. செலவு கூடத்தான், இல்லேங்கல.

---

எண்ணூர்_மின்

அவசரத்துக்கு ஒரு பேட்டரி தனியா இருக்கணும்ங்கிறதை மறுக்கல. ஆனா மூணாவதா ஒரு பேட்டரின்னா தண்ணி பார்க்க மூணாவதா ஒண்ணு, துரு பிடிக்க இன்னும் நாலு லக்கு. பார்த்துக்க ஆள் இருந்தா செய்ங்க, இல்லாட்டி கன்வெர்ட்டர் போதும். அப்புறம் ஒண்ணு, ஆளு தூங்குற வீல்ஹவுஸ்ல தண்ணி ஊத்துற பேட்டரியை வைக்கக் கூடாது, சீல் பண்ண வகைதான்.

---

காசி_லாஞ்ச்

ரெண்டு பேருக்கும் நன்றிண்ணே. சார்ஜரோட தனி பேட்டரிதான் வைக்கப் போறேன், பையன் ஒருத்தன் இதைப் பாத்துக்குவான். அந்த ஹைட்ரஜன் 100 லிட்டர்ங்கிறதுதான் வயித்தைக் கலக்குது. பெட்டியை எப்படி மாத்துறது? கம்பிலயும் பச்சை உள்ள வரைக்கும் ஏறியிருக்கு.

---

வார்ஃப்_வயர்மேன்

பெட்டிலேருந்து ஆரம்பிப்போம்.

காத்துல ஹைட்ரஜன் 4 சதவீதம் சேர்ந்தாலே நெருப்புப் பொறி பட்டா வெடிக்கும். அது லேசு, மேலே ஏறி மூடிக்கு அடியில தங்கும். பெட்டியோட உச்சிலேருந்து ஒரு அங்குல பிவிசி குழாய், வளைவில்லாம மேல்நோக்கியே போய் டெக்குக்கு வெளியே வாயைக் கவுத்து நிக்கணும். பெட்டியோட அடிப்பக்கத்துல காத்து உள்ளே வர நாலு துளை. குழாய் நடுவுல இறங்கி ஏறினா அந்தக் குழியில தண்ணி தேங்கி அடைச்சுடும். சுவிட்ச், ரிலே, ஃப்யூஸ் எதுவும் பெட்டிக்குள்ள கூடாது. சமையல் கேஸ் சிலிண்டரை எஞ்சின் ரூம்ல வைக்கிற பழக்கம் இருந்தா அதையும் விட்டுடுங்க. கேஸ் கனம், பில்ஜுக்குள்ள இறங்கித் தேங்கும். மேலே ஹைட்ரஜன், கீழே எல்பிஜி, நடுவுல செல்ஃப் மோட்டார் பொறி. துறைமுகத்துல லாஞ்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கட்டியிருக்கிற நெருக்கத்துல ஒண்ணு பத்தினா பக்கத்துல இருக்கிறதும் சேர்ந்து பத்தும்.

பெட்டி பில்ஜ் தண்ணி எட்டாத உயரத்துல இருக்கணும். கடல் தண்ணி பேட்டரிக்குள்ள போனா குளோரின் வாயு வரும், மூடின எஞ்சின் ரூம்ல அது ஆளைச் சாய்ச்சுடும். அடியில ஃபைபர் தட்டு அல்லது தடிச்ச பிளாஸ்டிக் தட்டு, சிந்தின ஆசிட் அதுலயே நிக்கட்டும். இரும்புத் தரையில சிந்தினா தகடு அரிக்கும். பேட்டரி மேல குறுக்குப் பட்டை போட்டு இறுக்குங்க. எந்தப் பக்கம் தள்ளினாலும் ஒரு அங்குலத்துக்கு மேல நகரக் கூடாது. பட்டை இரும்புன்னா ரப்பர் சுத்துங்க.

அடுத்து பச்சை. மெயின் சுவிட்சை அணைச்சுட்டு மைனஸை முதல்ல கழட்டுங்க, மாட்டும்போது மைனஸ் கடைசி. பிளஸை முதல்ல கழட்டி ஸ்பேனர் பாடில பட்டா வெல்டிங்தான். ஒரு லிட்டர் தண்ணிக்கு 100 கிராம் ஆப்ப சோடா கலந்து, பேட்டரி மூடி எல்லாம் இறுக்கமா இருக்கான்னு பாத்துட்டு, பிரஷ்ல தேய்ங்க. நுரை நிக்கிற வரைக்கும் தேய்ச்சு நல்ல தண்ணி விட்டுக் கழுவித் துடைங்க. சோடா தண்ணி செல்லுக்குள்ள ஒரு சொட்டு கூட போகக் கூடாது, ஆசிடைக் கெடுத்துடும். ஈயக் கம்பத்தையும் லக்கையும் பளபளன்னு ஆக்கி, காய்ஞ்ச நிலையிலேயே இறுக்குங்க. இறுக்கின பிறகு மேலே வேஸ்லின். முன்னாடியே கிரீஸ் தடவி அதுக்கு மேல லக்கை மாட்டுறது இங்க நிறைய பேர் பண்றது, சரியில்ல.

கம்பி உள்ளே கறுப்பாவோ பச்சையாவோ இருந்தா அந்த நீளத்தை வெட்டி எறியுங்க. வீட்டு வயரிங் கம்பி வெறும் செம்பு. உப்புக் காத்து இன்சுலேஷனுக்குள்ள ஒரு முழம் வரைக்கும் ஏறிடும். ஈயம் பூசின மெரைன் கம்பி விலை கூடத்தான், ஆனா உள்ளே வெள்ளையாவே இருக்கும். கிடைக்கலைன்னா பன்மடங்கு இழை உள்ள செம்புக் கம்பியே போடுங்க, ரெண்டு முனையையும் பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவால மூடணும். லக்கை கிரிம்பிங் டூலால அடிக்கணும், சுத்தியலால இல்ல. சால்டரை மட்டும் நம்பாதீங்க. சால்டர் ஊறின இடம் விறைச்சுப் போய், எஞ்சின் அதிர்வுல அந்த ஓரத்துலயே ஒடியும்.

சைஸுக்கு ஒரு கணக்கு: 0.0175 × போக வர மொத்த நீளம் மீட்டர்ல ÷ கம்பி ஸ்கொயர் × ஆம்பியர். வர்றது கம்பிலயே தொலையுற வோல்ட். விஎச்எஃப்புக்கு அஞ்சு மீட்டர் தூரம்னா போக வர 10. ஒரு ஸ்கொயர் கம்பில 6 ஆம்பியருக்கு 1.05 வோல்ட் போயிடும். கேட்கும்போது நல்லா இருக்கும், பேச பட்டனை அமுக்கினா மட்டும் செட்டு அணைஞ்சு அணைஞ்சு எரியும். செட்டு கெட்டுப்போச்சுன்னு கொண்டு போறதுல பாதி இதுதான். 4 ஸ்கொயர்ல கால் வோல்ட்தான் போகும். விஎச்எஃப், எக்கோ, நேவிகேஷன் லைட்டுக்கு 3 சதவீதத்துக்குள்ள நிறுத்துங்க. செல்ஃப் கேபிள் 70 ஸ்கொயர், முடிஞ்ச வரைக்கும் குட்டையா.

ஃப்யூஸ் கம்பியைக் காக்கத்தான், செட்டுக்கு அதோட சொந்த ஃப்யூஸ் தனியா உண்டு. 1.5 ஸ்கொயருக்கு 10, 2.5க்கு 15, 4க்கு 25 ஆம்பியர். எஞ்சின் ரூம் சூட்டுக்கு இது போதும், அதுக்கு மேல போகாதீங்க. பேட்டரிலேருந்து ஏழு அங்குலத்துக்குள்ள, பெட்டிக்கு வெளியே. ஏன் இவ்ளோ பக்கத்துல? ஃப்யூஸுக்கும் பேட்டரிக்கும் நடுவுல கம்பி உரசினா அதை நிறுத்த எதுவுமே கிடையாது. வீட்டு ஏசி கரண்டுக்கான எம்சிபியை (லோடு கூடினா தானா விழுற சுவிட்ச்) 24 வோல்ட் டிசில போடாதீங்க, டிசி பொறி அதுல அணையாம இழுக்கும். டிசின்னு போட்டிருக்கிறதா வாங்கணும். செல்ஃப் கேபிளுக்கு ஃப்யூஸ் போடுறதில்ல, அதனால அதைக் குழாய்க்குள்ள விட்டு, பேட்டரி பக்கத்துலயே கையால திருப்புற ஐசொலேட்டர் (பேட்டரியைத் துண்டிக்கிற மெயின் சுவிட்ச்) வைங்க. எஞ்சின் ஓடும்போது அந்த ஐசொலேட்டரைத் தொடவே கூடாது. பேட்டரி விலகின அந்த நொடியே டைனமோ வோல்ட் எகிறி டயோடு போயிடும், சில சமயம் செட்டையும் கூட்டிட்டுப் போகும்.

---

டைனமோ_பட்டறை

பில்ஜ் பம்பை யாரும் சொல்லல. அது ஐசொலேட்டருக்கு முன்னாடியே, தன் ஃப்யூஸோட நேரா பேட்டரிலயிருந்து வரணும். ஐசொலேட்டரை அணைச்சுட்டு வீட்டுக்குப் போனாலும் மிதவை சுவிட்ச் வேலை செய்யணும். ஐப்பசி கார்த்திகை மழையில ஆளில்லாம கட்டிக் கிடக்குற லாஞ்சைக் காப்பாத்துறது அந்த ஒரு பம்ப்தான். மிதவைக்கு அடியில மீன் செதிலும் வலைத் துண்டும் எண்ணெய்க் கசடும் சேர்ந்து பிடிச்சுக்கும். மாசம் ஒரு தடவை கையால தூக்கி விட்டுப் பாருங்க. தூக்கினா ஓடணும், விட்டா நிக்கணும். நிக்காம ஓடினா காலைல பேட்டரி இருக்காது.

பம்ப் கம்பில ஜாயிண்டு இருந்தா அதைத் தண்ணி படாத உயரத்துக்கு ஏத்துங்க. இரும்பு லாஞ்சுக்கு இது ரொம்ப முக்கியம். பிளஸ் கசிஞ்சு பில்ஜ் தண்ணி வழியா பாடிக்கு இறங்கினா தகட்டையே தின்னுடும். தகட்டுக்குப் பதிலா கரையறதுக்காக வெளியே கட்டியிருக்கிற ஜிங்க் கட்டி வழக்கத்தைவிட சீக்கிரம் கரைஞ்சா முதல் சந்தேகம் இங்கதான் வரணும். சோதனை பண்றது சுலபம். எல்லா சுவிட்சையும் அணைச்சு, டிரான்ஸ்பாண்டரையும் பிரிச்சுட்டு, கீழ் பேட்டரியோட மைனஸ் கம்பியைக் கழட்டி, கம்பிக்கும் கம்பத்துக்கும் நடுவுல மீட்டரை 10 ஆம்பியர்ல வெச்சு, அப்புறம் மில்லி ஆம்பியருக்கு இறக்குங்க. பூஜ்யம் பக்கம் நிக்கணும். இருவது முப்பது மில்லி ஆம்பியர் காட்டினா ஃப்யூஸை ஒவ்வொண்ணா பிடுங்குங்க, எதைப் பிடுங்கும்போது விழுதோ அந்த லைன்லதான் கசிவு. மீட்டர் நடுவுல இருக்கும்போது யாரும் செல்ஃப் அடிச்சுடாம பாத்துக்கோங்க.

கீழ் பேட்டரியைத் தூக்கிப் போடறதுக்கு முன்னாடி ஒரு வாய்ப்பு கொடுங்க. தனியா 12 வோல்ட் சார்ஜர்ல, 15 ஆம்பியருக்கு மேல போகாம, ஹைட்ரோமீட்டர் மூணு மணி நேரமா ஒரே அளவுல நிக்கிற வரைக்கும் ஏத்துங்க. கடைசியில எந்தச் செல்லாவது மத்ததைவிட 0.030க்கு மேல குறைஞ்சா அது போச்சு. மாத்தினா ரெண்டையும் சேர்த்துதான் மாத்தணும். பழசும் புதுசும் சீரியல்ல போட்டா திரும்பவும் ஒண்ணு காயும், ஒண்ணு படுக்கும்.

---

பழவேற்காடு_ஃபைபர்

இடையில ஒரு கேள்வி. டிஸ்டில்டு வாட்டருக்குப் பதிலா ஆர்ஓ தண்ணியோ, ஏசிலயிருந்து சொட்டுற தண்ணியோ ஊத்தலாமா? எங்க ஃபைபர் படகுல ஒரே பேட்டரிதான். லித்தியம் போட்டா தண்ணி தொல்லையே இல்லைங்கிறாங்க, நிஜமா?

---

எண்ணூர்_மின்

ஆர்ஓ வேண்டாம் தம்பி. குடிக்கிறதுக்கு நல்ல தண்ணி, ஆனா குளோரைடு மிச்சம் இருக்கும், பிளேட்டை அரிக்கும். கடல் தண்ணியைச் சுத்தம் பண்ணி குழாய்ல வர்றதும் அப்படித்தான். ஏசி தண்ணில காயிலோட தூசியும் உலோகமும் வரும். டிஸ்டில்டு கேன் விலைக்கு இந்தப் பரிசோதனை எல்லாம் தேவையே இல்ல. சார்ஜ் ஏறி முடிஞ்ச பிறகு ஊத்துங்க, முன்னாடியே நிரப்பினா பொங்கி வழியும். பிளேட் வெளியே தெரிஞ்சா மட்டும் அது மூழ்குற அளவுக்கு ஊத்திட்டு சார்ஜ் போடுங்க. ஆசிட் ஊத்தவே கூடாது, குறையறது தண்ணி மட்டும்தான்.

லித்தியத்துக்குத் தண்ணி வேண்டாங்கிறது நிஜம். ஆனா அது நிறைஞ்சதும் உள்ள இருக்கிற பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கிற சர்க்யூட்) சட்டுனு துண்டிச்சுக்கும், அப்ப டைனமோவுக்கு என்ன ஆகும்னு மேலே வார்ஃப்காரர் ஐசொலேட்டருக்குச் சொன்னதைப் படிங்க. காலியா இருக்கும்போது டைனமோ தர்றதை எல்லாம் இழுக்கும், டைனமோ கருகும். நடுவுல சார்ஜர் போடாம, பழைய பேட்டரியைக் கழட்டிட்டு அதே இடத்துல மாட்டுற சாமான் இல்ல அது.

---

வார்ஃப்_வயர்மேன்

தடைக்காலம் பத்தி கேட்டிருந்தீங்க. ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள், அதுவும் கத்திரி வெயிலோட. சூடு கூடக் கூட பேட்டரி தன்னாலயே சீக்கிரம் இறங்கும். மாசத்துக்குப் பத்து சதவீதமும் இறங்கலாம், பழசா இருந்தா அதுக்கு மேலயும். அப்படியே மைனஸ் கூட கழட்டாம விட்டுட்டுப் போனா ஜூன்ல இரும்புக் கடைக்குத்தான். முழுசா சார்ஜ் ஏத்தி, கரைக்குக் கொண்டு வந்து நிழல்ல வைங்க. மே மாசம் நடுவுல ஒரு தடவை ஏத்துங்க, லாஞ்சைக் கடல்ல இறக்குறதுக்கு முந்தின நாள் இன்னொரு தடவை. சிமென்ட் தரையில வெச்சா சார்ஜ் இறங்கும்னு சொல்றதெல்லாம் பழைய எபோனைட் பெட்டிக் காலத்துப் பேச்சு, இப்ப இருக்கிற பிளாஸ்டிக் பெட்டிக்கு அது கிடையாது. லாஞ்சு தண்ணிலயே கிடக்கப் போகுதுன்னா பில்ஜ் பம்புக்கு மட்டும் ஒரு பேட்டரி செட்டை உள்ளேயே விட்டு வாரா வாரம் பாருங்க.

கரைக் கரண்டுல சார்ஜர் போடும்போது 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்டு கசிஞ்சா துண்டிக்கிற சுவிட்ச்) வழியா வரணும். ஈர டெக்குல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கிடந்தா அதை எடுத்துத் தொங்க விட்டுட்டு அப்புறம் மத்த வேலை. சார்ஜர் கிளிப்பை மாட்டிட்டு சுவிட்ச் போடுங்க, கழட்டும்போது சுவிட்சை அணைச்சுட்டுக் கழட்டுங்க. பொறி பேட்டரி வாய்கிட்ட விழக் கூடாது.

இரும்பு லாஞ்சுன்னா தடைக்காலத்துல தகடு வெல்டிங் கண்டிப்பா இருக்கும். வெல்டர் வர்றதுக்கு முன்னாடி பேட்டரியை வெளியே எடுத்துடுங்க. டைனமோ கம்பி, விஎச்எஃப், எக்கோ எல்லாத்தோட பிளக்கையும் பிடுங்கணும். எர்த் கிளாம்பை வெல்டிங் பண்ற இடத்துக்குப் பக்கத்துலயே போடச் சொல்லுங்க. தூரத்துல போட்டா கரண்டு ஷாஃப்ட் பேரிங் வழியா போய் அதைப் பொள்ளு பொள்ளா ஆக்கிடும்.

எஞ்சின் ரூம் வாசல்ல ஏபிசி பவுடர் அல்லது கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் ஒண்ணு, பக்கத்துலயே அஞ்சு லிட்டர் நல்ல தண்ணி கேன் ஒண்ணு. ஆசிட் கண்ணுல தெறிச்சா இமையை விரிச்சுப் பிடிச்சு குறைஞ்சது கால் மணி நேரம் ஊத்திட்டே இருக்கணும், அப்புறம் நேரா ஆஸ்பத்திரி. அந்த கேன் தண்ணில யாரும் டீ போடாம பாத்துக்கோங்க.

---

காசி_லாஞ்ச்

நடு லக்கைக் கழட்டியாச்சு. இப்பத்திக்கு எக்கோவும் விஎச்எஃப்பும் கடன் வாங்கின 12 வோல்ட் பேட்டரில ஓடுது. கீழ் பேட்டரி சார்ஜர்ல இருக்கு, 1.165லேருந்து 1.215 வரைக்கும் ஏறியிருக்கு. மூணாவது செல் மட்டும் 1.190.

---

டைனமோ_பட்டறை

இன்னும் ஏறுதா பாருங்க. மத்த செல்லு நின்ன பிறகும் மூணாவது 1.190லயே நின்னா வித்தியாசம் 0.025க்கு மேல போகும், எல்லைக்கோட்டுல நிக்குது. அதை நம்பிக் கடலுக்குப் போக வேண்டாம். லோடு டெஸ்டர்ல 15 விநாடி இழுத்துப் பாருங்க, 9.6க்குக் கீழ விழுந்தா ரெண்டையும் மாத்திடுங்க. மாத்தினதும் எஞ்சின் ஓட்டிட்டு மேலும் கீழும் தனித்தனியா அளங்க. ரெண்டும் 14.1, 14.2ன்னு 0.2க்குள்ள நிக்கணும்.